பத்து

திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் ஆள் கேட்டார்,
சீனா எப்படி என்று.
தூரம் என்றேன்.

ஒன்பது நாள். இருபத்து மூன்று மஞ்சள் தொப்பி.
இருபத்திரண்டு தலை பாடாங் செராய்ச் சீனர்கள்,
மிச்சம் ஒன்று, தவமலர்,
தாவ்கே இயோவின் இரும்புக் கடையில்
ஆணியும் கீலும் நிறுத்துக் கொடுப்பவள்.
மாதம் நூற்றைம்பது வெள்ளி
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பேர் கொடுத்தேன்.

விமான நிலையத்தில் கொடி பிடித்த பெண்
எங்களை எண்ணினாள்: இருபத்திரண்டு.
மறுபடி எண்ணினாள்: இருபத்திரண்டு.
தாவ்கே என் தொப்பியைத் தட்டிக் காட்டினார்.

ஷாங்காயில் கட்டடம் பார்த்தோம். கழுத்து வலித்தது.
ஒரு சந்தில் ஒரு குழந்தை என் பொட்டைத் தொட்டுவிட்டுத்
தன் விரலைப் பார்த்தது, நிறம் ஒட்டியதா என்று.
அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளி அதன் நெற்றியில் வைத்தேன்.
அம்மாக்காரி படம் எடுத்தாள்,
என்னை இல்லை, பிள்ளையை.

(ரெண்டு அங்குல ஆணியா? அரைக் கிலோ போதுமா?)

நாலாம் நாள் தலையணைக் கடை.
எல்லாப் பயணத்திலும் ஒன்று உண்டாம்,
ஒரு மணி நேரம் முடியாமல் கதவு திறக்காதாம்.
ரப்பர்ப் பால் தலையணை.
சுவர் முழுக்க ஒரு படம்: மரம், மங்கு, கீறல்.
விற்கும் பெண் மனப்பாடம் ஒப்பித்தாள்.
பஸ்ஸில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கினார்கள்.
என் கண் மட்டும் கீறலில்.
அது வலமிருந்து இடமாக இறங்குகிறது.

பதினாலு வயதில் தொடங்கி நாலு வருஷம்
நெற்றி விளக்கோடு நிரை பிடித்தவள் நான்.
இடது மேலே, வலது கீழே.
உளி ஆழம் போனால் தண்டல் குழந்தைசாமி
பேரேட்டில் அரை நாள் அடிப்பான்.
அந்த வேலையை நான் தேடியதே இல்லை.
ஆனாலும் கை எழுந்து
காற்றில் சரியான கோட்டைப் போட்டுவிட்டது.
அந்தப் பெண் பேச்சை நிறுத்தினாள்.
இன்னொரு முறை, என்று தலையசைத்தாள்.
போட்டேன்.
தன் விரலால் அவளும் போட்டுப் பார்த்தாள்.

தலையணை முந்நூற்றெண்பது யுவான்.
முகர்ந்துவிட்டு வைத்துவிட்டேன்.
பால் நாற்றம் கொஞ்சமும் இல்லை.

ஏழாம் நாள் தாவ்கேயின் பூர்வீகம்.
கடலோரம், வீடெல்லாம் கருங்கல்.
அவருடைய அப்பா பிறந்த வீட்டில்
இப்போது ஓடு அடுக்கி வைத்திருக்கிறார்கள்.
ஊதுபத்தியை எங்கே குத்துவதென்று தெரியாமல்
கதவின் கீலைத் தடவிக்கொண்டு நின்றார்.
"இந்த அளவு நம்மிடம் இருக்கிறது" என்றார்.

நான் நகர்ந்தேன்.
ஒரு கிழவி சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள்.
"சியா பா போய்?" என்றேன், சாப்பிட்டாச்சா என்று.
தலை தூக்காமல் "இன்னும் இல்லை" என்றாள்.
பிறகு தூக்கினாள்.
கத்தி அப்படியே நின்றது.
"எந்த வீட்டு மருமகள்?"
"இரும்புக் கடை."

முட்டி வலி, மீன் விலை, மழை என்று போனது.
சுவரைத் தட்டி, "நல்ல பத்து" என்றேன்.
புரியவில்லை.
மறுபடி தட்டினேன். "பத்து."
"சியோ" என்று திருத்தினாள்.
எண்ணிக்கைப் பத்து இல்லை.
பத்துமலையில் இருக்கும் பத்து, மலாய்க் கல்.
முப்பத்தெட்டு வருஷமாகக் கடையில்
ஹொக்கியன் பேச்சோடு பேச்சாகக் கேட்டது.
அங்கே வைத்துத்தான் உறைத்தது.

தாவ்கே வந்தார், கீலை மறந்து சுவரைத் தட்டினார்.
அவரும் சொன்னார்: "பத்து உறுதி."

கிழவி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
சிப்பி ஓடு சிதறச் சிரித்தாள்.
"நீங்கள் ரெண்டு பேரும் ஒரே ஊர்!"

தாவ்கே அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
பஸ்ஸில் எனக்கு ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார்,
பாதி புளிப்பு.

பதினொரு மணிக்கு மீன்காரர் யூசோப் வந்தார்.
கத்தி மழுங்கிவிட்டதாம்.
"பத்து அசா ஒன்று கொடு, அக்கா."
உள்ளேயிருந்து தாவ்கே குரல்:
இடது பக்கம், மூன்றாவது தட்டு.
எனக்குத் தெரியாதா.

எட்டு வெள்ளி ஐம்பது காசு என்றேன்.
யூசோப் எட்டு கொடுத்தார்.